டொனல் தோமஸும் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஜென்னர் என்றதும் அம்மைத் தடுப்பும், பிளெமிங் என்றதும் பெனிசிலினும் நினைவுக்கு வருகின்றன. ஒரு பெயர், ஒரு கண்டுபிடிப்பு, அதனால் உலகம் பெற்ற நன்மை என்ற ஒழுங்கிலேயே பாடநூல்களும் இவ்வரலாற்றைக் கூறிச் செல்கின்றன. இவ்வொழுங்குக்கு எளிதில் உட்படாத துறைகளும் உள. குருதிப் புற்றுநோய்க்கான என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை அவற்றுள் முதன்மையானது. அத்துறையின் முதற் பதினைந்து ஆண்டுகள் ஏறக்குறைய முழுமையாகவே தோல்வியின் ஆண்டுகளாகும். மனிதரில் அதுவரை மேற்கொள்ளப்பட்டு அறிக்கையிடப்பட்ட 203 மச்சை மாற்றுக்களை 1970 ஆம் ஆண்டில் மோற்றிமர் போற்றின் என்பவர் தொகுத்து ஆராய்ந்தபோது, அவற்றுள் நிலைத்த பயனைத் தந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. ஆராய்ச்சியாளர் பலர் அத்துறையை விட்டு விலகியிருந்தனர். மனிதரில் இது ஒருபோதும் கைகூடாது என்று கருதியோரும் இருந்தனர்.

விலகாது நின்றவருள் ஒருவர் அமெரிக்க மருத்துவரான எட்வேட் டொனல் தோமஸ். 1990 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. விலகாது நின்றார் என்பது மட்டுமே அவரது வெற்றிக்குக் காரணம் எனல் பொருந்தாது. நோயாளர் படுக்கையிலிருந்து எப்பொழுது பின்வாங்க வேண்டும், எப்பொழுது அங்கு மீளலாம் என்பதை அறிந்திருந்தமையே அவரது ஆய்வு வாழ்வின் தனிச்சிறப்பாகும்.

நோயும் அதன் இருப்பிடமும்

என்புகளின் உட்குழியில் அமைந்த மென்மையான இழையமே என்பு மச்சை. செங்குழியங்கள், வெண்குழியங்கள், குருதிச் சிறுதட்டுக்கள் ஆகிய மூவகையும் அங்குள்ள மூலக்கலங்களிலிருந்தே தோன்றுகின்றன. குருதிப் புற்றுநோயில், முதிர்ச்சியடையாத வெண்குழியங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மச்சையை நிறைத்துவிடுகின்றன. செங்குழியம் குன்றுவதால் நோயாளி வெளிறிச் சோர்கிறார்; சிறுதட்டுக்கள் குன்றுவதால் குருதி பெருகுகிறது; செயற்படத்தக்க வெண்குழியங்கள் இன்மையால் சிறு தொற்றும் உயிரைக் கவர்கிறது.

ஏனைய புற்றுநோய்கள் பலவற்றில் நோயுற்ற பகுதியை வெட்டி அகற்றுதல் கூடும். உடலெங்கும் பரந்த மச்சையைக் கத்தி கொண்டு அகற்ற இயலாது. நோயுற்ற மச்சையைக் கதிர்வீச்சினாலோ மருந்தினாலோ முற்றாக அழிப்பதாயின் அதனோடு நல்ல மச்சையும் அழிந்துவிடும். மச்சையின்றி மனிதன் வாழ்வது சில வாரங்களே. எனவே பழைய மச்சையை அழித்தபின் பிறர் ஒருவரின் நலமான மச்சையை அளிக்க முடியுமா என்பதே வினாவாயிற்று.

அணுக்குண்டுக்குப் பிந்திய ஆய்வுகள்

இவ்வினா புற்றுநோய் மனைகளில் மட்டும் எழுந்ததன்று. 1945 இல் ஹிரோசிமா, நாகசாகி நகரங்களின் மீது வீசப்பட்ட குண்டுகளுக்குத் தப்பியோர் பலர், பின்னர் மச்சை அழிந்து மாண்டனர். கதிர்வீச்சினின்றும் உயிரைக் காப்பது எவ்வாறு என்ற ஆராய்ச்சி அதன்பின் முனைப்புப் பெற்றது. 1949 இல் சிக்காகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துக் கதிர் பாய்ச்சினால் அது பிழைப்பதைக் கண்டார். 1951 இல் எகோன் லோறென்ஸ் குழுவினர் கதிரேற்ற எலிகளுக்கு மச்சையை ஊசிமூலம் செலுத்தி அவற்றைக் காப்பாற்றினர்.

மச்சையில் உள்ள ஏதோவொரு சுரப்பே எலியைக் காத்தது எனச் சிலர் முதலிற் கருதினர். 1950 களின் நடுப்பகுதியில் இக்கருத்துத் தவறென நிறுவப்பட்டது. வழங்கிய விலங்கின் கலங்களே ஏற்ற விலங்கின் மச்சையிற் குடியேறிப் பெருகின என்பதை நிறமூர்த்த அடையாளங்கள் காட்டின. ஓருயிரின் குருதியாக்கும் ஆற்றலை மற்றோருயிருக்குக் கைமாற்றலாம் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் இந்த எலிகள் பல தலைமுறைகளாக உள்ளினக் கலப்பினால் ஒருதன்மையாக்கப்பட்டவை. மனிதரோ அவ்வாறானவர் அல்லர். இவ்வேறுபாட்டின் முழு விலையும் பின்னரே உணரப்பட்டது.

இளமையும் கல்வியும்

தோமஸ் 1920 மார்ச் 15 ஆந் திகதி ரெக்சஸ் மாநிலத்திலுள்ள மார்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வட்டாரத்தின் கிராம வைத்தியர். மகன் பிறந்தபோது அவருக்கு வயது ஐம்பது. ஒஸ்ரினில் உள்ள ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற தோமஸ், அங்கு பத்திரிகைத்துறை மாணவியாக இருந்த டொறதி மார்ட்டினைச் சந்தித்து 1942 இல் மணந்தார். பின்னர் ஹாவாட் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1946 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

டொறதி தம் துறையை விடுத்து ஆய்வுகூடத் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றார். அன்று தொடக்கம் கணவரின் ஆய்வுகூடத்தில் உடனுழைத்ததோடு அவரது ஆய்வுக்கட்டுரைகளைச் செம்மைப்படுத்துவதையும் தம் பொறுப்பாக்கிக்கொண்டார். தோமஸை இத்துறையின் தந்தை எனக் கூறிய சக ஆய்வாளர்கள் டொறதியை அதன் தாய் என்றே குறிப்பிட்டனர். பரிசுப் பட்டியல்களில் இடம்பெறாத உழைப்புக்கு இது ஒரு சான்று.

தோமஸ் மருத்துவப் பயிற்சி பெற்ற பொஸ்ரன் நகரம் அக்காலத்தில் இரு பெரும் நிகழ்ச்சிகளுக்குக் களமாயிற்று. 1948 இல் சிட்னி பாபர், அமினோப்ரெறின் என்னும் மருந்தினால் குருதிப் புற்றுநோயுற்ற சிறுவரில் நோய் தற்காலிகமாகத் தணிவதைக் காட்டினார். அதுவரை எவ்வகை மருந்துக்கும் பணியாத நோய் முதன்முறையாகச் சற்றே பணிந்தது. ஆயின் சில மாதங்களில் மீண்டது. 1954 டிசெம்பரில் பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையில் ஜோசப் மறே, ஒத்த இரட்டையர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். மறே தோமஸின் நண்பர். பின்னாளில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. மருந்து மட்டும் போதாது என்பதை முதல் நிகழ்ச்சியும், ஓருடலின் உறுப்பை மற்றோருடல் ஏற்கக்கூடும் என்பதை இரண்டாவதும் உணர்த்தின.

கூப்பர்ஸ்ரவுண் ஆண்டுகள்

1955 இல் தோமஸ் நியூயோர்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்ரவுண் என்னும் சிறு நகரிலுள்ள மேரி இமோஜென் பசெற் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கு ஜோசப் பெரிபீ என்பாருடன் இணைந்து, மனிதரிலும் நாய்களிலும் மச்சை மாற்று ஆய்வுகளைத் தொடங்கினார். 1957 செப்ரெம்பரில் இவர்கள் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்க ஆவணமாகக் கொள்ளப்படுகின்றது. ஆறு நோயாளருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தபின் பிறரது மச்சை நாளத்தின் வழியே செலுத்தப்பட்டது. மச்சையைப் பெருமளவில் பாதுகாப்பாக ஏற்றலாம் என்பது நிறுவப்பட்டது. ஆனால் இருவரில் மட்டுமே அது சிறிது காலம் ஊன்றியது. ஆறு பேரும் நூறு நாட்களுக்குள் இறந்தனர்.

ஒத்த இரட்டையரிடம் பெற்ற மச்சையால் இத்தடையைத் தவிர்க்கலாம் எனத் தோமஸ் கருதினார். 1959 இல் வெளியான ஆய்வில், குருதிப் புற்றுநோயுற்ற இருவருக்கு உயர் அளவில் முழு உடற் கதிர்வீச்சு அளிக்கப்பட்டு அவரவர் இரட்டையரின் மச்சை ஏற்றப்பட்டது. மச்சை ஊன்றியது, குருதி மீண்டும் ஊறியது. ஆயினும் சில மாதங்களில் இருவரிலும் புற்றுநோய் திரும்பியது. மனிதன் தாங்கக்கூடிய கதிர்வீச்சின் எல்லையிலும் கடைசிப் புற்றுக்கலம் அழிவதில்லை என்ற கசப்பான உண்மை அன்று வெளிப்பட்டது.

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் முயற்சிகள் நிகழ்ந்தன. 1958 ஒற்றோபரில் யூகோசிலாவியாவின் வின்சா அணு உலையில் விபத்துக்குள்ளானோர் பரிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, ஐவருக்கு ஜோர்ஜ் மத்தே குழுவினர் மச்சை ஏற்றினர், நால்வர் பிழைத்தனர். எனினும் ஏற்றப்பட்ட மச்சை அவர்களில் நிலைக்கவில்லை. அவர்தம் சொந்த மச்சையே மீண்டும் தளிர்த்தது.

ஆய்வுகூடத்துக்குத் திரும்புதல்

1960 களின் முற்பகுதியில் தோல்விகளின் காரணங்கள் ஓரளவு தெளிவாயின. வழங்கியவருக்கும் ஏற்றவருக்கும் இழையப் பொருத்தம் இல்லையெனில் இரண்டிலொன்று நிகழ்கிறது. ஏற்றவரின் நிர்ப்பீடன முறைமை புதிய மச்சையைப் புறக்கணித்து அழித்துவிடலாம். அன்றேல் புதிய மச்சையிலிருந்து தோன்றும் வெண்குழியங்கள் ஏற்றவரின் உடலையே அந்நியமெனக் கொண்டு தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்கலாம். ஏனைய உறுப்பு மாற்றுக்களில் உடலே ஒட்டை எதிர்க்கும். இங்கு ஒட்டும் உடலை எதிர்க்கிறது. குடியேறியவன் வீட்டுக்காரனை வெளியேற்றும் நிலை இது. ஒட்டு ஏற்றவரைத் தாக்கும் இந்நோய், மச்சை மாற்றின் பெருஞ்சாபமாக அமைந்தது.

இந்நிலையில் தோமஸ் எடுத்த முடிவே அவரது வாழ்வின் திருப்புமுனை எனலாம். வேறொருவரின் மச்சையை மனிதருக்கு ஏற்றுவதை அவர் நிறுத்திக்கொண்டார். விலங்கில் விடை காணாத வினாவை நோயாளரிடம் தொடர்ந்து கேட்பது தகாதென்று அவர் கருதினார். அதேவேளை ஆய்வைக் கைவிடவுமில்லை. நாய்களைக் கொண்டு அதனைத் தொடர்ந்தார். நாயைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. உள்ளினக் கலப்பால் ஆக்கப்பட்ட எலிகளைப் போலன்றி, நாய்கள் மனிதரைப்போன்று மரபு வேறுபாடு மிக்கவை; ஓர் ஈற்றிலேயே பல குட்டிகளை ஈனுவதால் உடன்பிறப்புக்களை ஒப்பிடுதலும் எளிது.

நாய்களும் பெரும்பாலும் இறந்தன. ஆயின் ஒரே ஈற்றுக் குட்டிகளிடையே செய்யப்பட்ட மாற்றுக்களிற் சில நீடித்து வெற்றியளித்தமை தோமஸின் கவனத்தை ஈர்த்தது. பிழைத்தவை ஏன் பிழைத்தன என்ற வினாவே அடுத்த பத்தாண்டின் ஆராய்ச்சியாயிற்று. 1958 இல் பிரான்சில் ஜோன் டோசே, மனித வெண்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள இனங்காட்டும் பொருள்களுள் முதலாவதைக் கண்டறிந்திருந்தார். அதே நெறியில் நாய்களின் இழைய வகைகளை இனங்காணும் முறையைத் தோமஸின் குழுவினரான றொபேட் எப்ஸ்ரைன், ரெய்னர் ஸ்ரோப் ஆகியோர் வகுத்தனர். வகை பொருந்திய உடன்பிறப்புக்களிடையே மச்சையை மாற்றி, மெதோற்றெக்சேற் என்னும் மருந்தையும் கொடுத்தபோது பெரும்பாலான நாய்கள் நெடுநாள் வாழ்ந்தன என்பது 1968 அளவில் நிறுவப்பட்டது. தற்செயலெனத் தோன்றியது விதியென விளங்கிற்று.

சியற்றிலில்

தோமஸ் 1963 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இணைந்து சியற்றில் நகருக்குச் சென்றிருந்தார். 1960 களின் பிற்பகுதியில் மனிதரிடம் மீளலாம் என்ற நம்பிக்கை பிறந்தபோது, மருத்துவர், தாதியர், தொழில்நுட்பவியலாளர் அடங்கிய குழுவொன்றை அமைத்தார். இழைய வகைப் பரிசோதனை, சிறுதட்டு ஏற்றுதல், வலுமிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், தொற்றில்லாத் தனியறைகள் ஆகியன அக்காலத்தில் வளர்ச்சியடைந்திருந்தமையும் இதற்குத் துணையாயிற்று. 1968 இல் மினசோட்டாவில் றொபேட் குட், பிறவியிலேயே நிர்ப்பீடன ஆற்றல் அற்ற குழந்தையொன்றுக்குச் சகோதரியின் மச்சையை ஏற்றி வெற்றி கண்டமை நம்பிக்கையை மேலும் உறுதிப்படுத்தியது.

1969 மார்ச்சில் சியற்றிற் குழுவினர் குருதிப் புற்றுநோயாளர் ஒருவருக்கு, இழையம் பொருந்திய உடன்பிறப்பின் மச்சையை ஏற்றினர். மச்சை நன்கு ஊன்றியது. ஆனால் இரண்டு மாதங்களுக்குள் நோயாளி தொற்றினால் இறந்தார். எனினும் இம்முறை தோல்வியின் தன்மை வேறு. ஒட்டு நிலைத்தது, வேறொரு வாயில் வழியாகவே மரணம் வந்தது. மூடவேண்டிய வாயில்கள் எவையென்பது இப்பொழுது தெரிந்திருந்தது.

சிகிச்சை முறையோ தோற்றத்தில் மிக எளிது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட வழங்குநரின் இடுப்பென்பிலிருந்து ஊசிகளால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வரையிலான மச்சை உறிஞ்சி எடுக்கப்படும். அது வடிகட்டப்பட்டு, சாதாரண குருதியேற்றம் போன்றே நோயாளியின் நாளத்திற் செலுத்தப்படும். மூலக்கலங்கள் தாமே வழி கண்டு என்புகளின் உட்குழியை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதிய குருதிக் கலங்களை ஆக்கத் தொடங்கும். அந்த இடைக்கால வாரங்களே கடினமானவை. நிர்ப்பீடன ஆற்றல் முற்றாக அற்ற மனிதரொருவரை இரவும் பகலும் காக்கும் பொறுப்புத் தாதியருடையது. இச்சிகிச்சை தனியொருவரின் சாதனையன்று என்பதைத் தோமஸ் பலகாலும் வற்புறுத்தியமைக்கு இதுவே காரணம்.

1975 இல் பிரெட் ஹச்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சியற்றிலிற் திறக்கப்பட்டது. புற்றுநோயால் 1964 இல் 45 ஆவது வயதில் மறைந்த தம்பியும் பேஸ்போல் வீரருமான பிரெட்டின் நினைவாக, சத்திரசிகிச்சையாளர் வில்லியம் ஹச்சின்சன் நிறுவிய நிலையம் அது. தோமஸின் குழு அங்கு இடம்பெயர்ந்தது. 1977 இல் அக்குழு வெளியிட்ட அறிக்கை, வேறெந்தச் சிகிச்சைக்கும் பணியாத நிலையிலிருந்த 100 குருதிப் புற்றுநோயாளரைப் பற்றியது. அவர்களுள் 13 பேர் ஓராண்டு முதல் நாலரை ஆண்டுகள்வரை நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர்.

நூற்றுக்குப் பதின்மூன்று என்பது அற்பமெனத் தோன்றலாம். அனைவரும் இறப்பது உறுதியெனக் கைவிடப்பட்டோர் என்பதை எண்ணும்போதே அதன் பெறுமதி புலனாகும். இறுதிக்கட்டத்திலேயே இத்தனைபேர் பிழைப்பராயின், மருந்தினால் நோய் தணிந்துள்ள முற்கட்டத்திலேயே மச்சையை மாற்றினால் என்ன என்ற வினா இயல்பாகவே எழுந்தது. 1979 இல் அந்நிலையிலுள்ள 19 நோயாளர் பற்றிய முடிவுகள் வெளியாயின. அவர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் உயிருடன் இருந்தனர். இறுதி முயற்சியென எண்ணப்பட்டது இதன்பின் முறையான சிகிச்சையாக ஏற்கப்படலாயிற்று.

பகையும் துணையும்

ஒட்டு ஏற்றவரைத் தாக்கும் நோய் ஓயவில்லை. ஆனால் 1979 இல் சியற்றிற் குழுவினர் ஒரு புதுமையைச் சுட்டினர். அந்நோய் கண்டோரில் குருதிப் புற்றுநோய் மீள்வது குறைவாக இருந்தது. ஏற்றவரின் உடலைத் தாக்கும் அதே வெண்குழியங்கள் எஞ்சிய புற்றுக்கலங்களையும் தேடி அழித்தன என்பதே இதன் பொருள். கதிர்வீச்சு மட்டுமே நோயைத் தீர்ப்பதில்லை. புதிய மச்சையும் அதனோடு போரிடுகிறது. இத்தகைய விளைவு கூடும் என்று பிரித்தானிய ஆய்வாளரான பான்ஸ், லவுற்றிற் ஆகியோர் எலிகளைக் கொண்டு 1956 இலேயே ஊகித்திருந்தனர். ஒத்த இரட்டையரின் மச்சை ஏற்றோரில் நோய் ஏன் எளிதில் திரும்பியது என்பதற்கும் இதில் விடை உண்டு. முற்றிலும் ஒத்திருந்தமையாற் போரிட ஆளில்லை.

இத்தெளிவு எளிதிற் கிட்டியதன்று. தாக்கும் இயல்புள்ள ரி கலங்களை மச்சையிலிருந்து முன்னரே அகற்றிவிட்டால் தொல்லை தீரும் என்ற எண்ணத்தில் 1980 களில் பல நிலையங்களில் ஆய்வுகள் நடந்தன. தாக்குதல் குறைந்தது உண்மை. ஆனால் ஒட்டு ஊன்றாது போவதும் புற்றுநோய் மீள்வதும் கூடின. ஹச்சின்சன் நிலையத்தில் நடந்த இத்தகைய ஆய்வொன்று குறித்து 2001 இல் சியற்றில் நாளிதழொன்று கடுமையான வினாக்களை எழுப்பியது. ஆபத்துக்கள் நோயாளருக்குப் போதியளவு விளக்கப்பட்டனவா என்பதும், ஆய்வோடு தொடர்புடைய வணிக நிறுவனத்தில் நிலையத்துக்கும் ஆய்வாளர் சிலருக்கும் பங்குரிமை இருந்தமை தகுமா என்பதும் அவ்வினாக்கள். 2004 இல் வழக்கை விசாரித்த யூரிமார் பெரும்பாலான குற்றச்சாட்டுக்களை ஏற்கவில்லை. ஆயினும் வினாக்கள் தம்மளவிற் பெறுமதியானவை. மரணத்தின் விளிம்பில் நிற்கும் மனிதர் எதற்கும் இசைவர். அவ்விசைவைப் பெறுவோரின் பொறுப்பு அதனாற் குறைவதில்லை, பன்மடங்கு கூடுகிறது. 1960 களில் மனிதரிடமிருந்து பின்வாங்கிய தோமஸின் முடிவை மதிப்பிடுவதற்கு இப்பின்னணியும் இன்றியமையாதது.

பரிசும் அதன் பின்னரும்

உடன்பிறப்பு ஒருவர் இழையப் பொருத்தம் உடையவராயிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருத்தமான உடன்பிறப்பு இல்லாதோர் நிலை யாது? 1979 இல் சியற்றிற் குழுவினர், உறவினரல்லாத ஒருவரின் பொருத்தமான மச்சையைக் குருதிப் புற்றுநோயுற்ற சிறுமியொருத்திக்கு ஏற்றினர். ஒட்டு ஊன்றியதாயினும் பின்னர் நோய் மீண்டு அச்சிறுமி இறந்தாள். இருப்பினும் முன்பின் அறியாத ஒருவரும் உயிர் வழங்கக்கூடும் என்பது நிறுவப்பட்டது. 1974 இல் பிரித்தானியாவிலும், 1980 களில் அமெரிக்காவிலும் தோன்றிய வழங்குநர் பதிவேடுகள் இன்று உலகெங்கும் நான்கு கோடிக்கு மேற்பட்ட பெயர்களைக் கொண்டுள்ளன. ஆயின் அப்பெயர்களிற் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. இழைய வகை மரபுவழி வருவதாகலின், தென்னாசியர் ஒருவர் தமக்குப் பொருத்தமான வழங்குநரைக் காணும் வாய்ப்பு இன்றும் குறைவாகவே உள்ளது. 2009 இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி என்னும் பதிவேடு இக்குறையை நிரப்ப முற்பட்ட முயற்சிகளுள் ஒன்று.

சிகிச்சையின் பயன் குருதிப் புற்றுநோயோடு நின்றுவிடவில்லை. 1981 டிசெம்பரில் சியற்றிலில் தலசீமியா நோயுற்ற குழந்தையொன்று மச்சை மாற்றினாற் குணமடைந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வாழ்நாள் முழுதும் குருதியேற்றத்துக்கு உட்படுத்தும் நோய் அது. 1986 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கப்பட்டபோது தலசீமியாவே அங்கு முதலிடம் பெற்றது.

1990 இல் தோமஸும் மறேயும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆய்வுகூட அடிப்படைக் கண்டுபிடிப்புக்கே பெரும்பாலும் வழங்கப்படும் அப்பரிசு, நோயாளர் படுக்கையோரத்தில் உழைத்த இரு மருத்துவருக்குக் கிடைத்தமை குறிப்பிடத்தக்கது. 2001 இல் நடைமுறைக்கு வந்த இமாற்றினிப் போன்ற மருந்துகள், நாட்பட்ட குருதிப் புற்றுநோய் வகையொன்றில் மச்சை மாற்றின் தேவையைப் பெரிதும் குறைத்துவிட்டன. மூலக்கலங்களும் இன்று பெரும்பாலும் என்பிலிருந்தன்றிக் குருதியிலிருந்தே பெறப்படுகின்றன. தோமஸ் வகுத்த முறை மாறிவருகிறது; பழைய மச்சையை அகற்றிப் புதியதை ஊன்றலாம் என்ற அடிப்படை மாறவில்லை.

தோமஸ் 2012 ஒற்றோபர் 20 ஆந் திகதி தமது 92 ஆவது வயதிற் காலமானார். டொறதி 2015 இல் மறைந்தார். தோமஸ் மறைந்த அதே ஆண்டின் இறுதியில், உலகெங்கும் நடைபெற்ற இத்தகைய மாற்றுக்களின் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. 1957 இன் கட்டுரையில் நூறு நாட்களுக்குள் இறந்த அந்த ஆறு பேரிலிருந்தே இக்கணக்குத் தொடங்குகிறது. அவர்களின் முடிவை மறைக்காது எழுதி, அதிலிருந்து கற்று, கற்கும்வரை காத்திருந்தமையாலேயே பின்வந்த இலட்சங்கள் சாத்தியமாயின. மருத்துவ வரலாற்றைப் பயில்வோர், வெற்றி பெற்றோரின் பெயர்களோடு அந்த ஆறு பேரையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.